கேட்கிற தொகையை உங்கள் கணக்குப் புத்தகம் தாங்குமா?

கேள்வி: பென்னாகரம் வட்டத்தில் நான்கு ஊர்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். 2019இல் டிரஸ்ட் பதிவு செய்தோம். நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மற்ற இரண்டு டிரஸ்டிகளும் ஊர்க்காரர்கள். 110 பிள்ளைகள் வருகிறார்கள். போன வருடச் செலவு 3 லட்சத்து 60 ஆயிரம், எல்லாம் தெரிந்தவர்கள் கொடுத்தது. ஓசூரில் ஒரு பெரிய கம்பெனிக்குக் கட்டடம், வேன், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 28 லட்சம் கேட்டு விண்ணப்பித்தோம். எட்டு மாதமாகப் பதில் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன், அங்கே ஊருக்கு ஊர் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் இருக்கிறது, எழுதிப் போட்டால் கிராண்ட் கிடைக்கும் என்கிறான். சேலத்தில் ஒருவர் பத்து சதவீதம் கமிஷன் கொடுத்தால் நிதி வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எங்களுக்கு 12ஏ (டிரஸ்டின் வருமானத்துக்கு வரி விலக்குத் தரும் பதிவு) இருக்கிறது, 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் அங்கீகாரம்) எடுக்கவில்லை. எங்கே, எப்படி விண்ணப்பிப்பது? ஓசூருக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

ஐயா, வணக்கம்.

பதில் வராததற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 80ஜி எடுக்கவில்லை என்கிறீர்களே, அதுதான். சிஎஸ்ஆர் என்பது கம்பெனிகள் தங்கள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிற சட்டக் கடமை. அதன் விதிகளை 2021 ஜனவரியில் திருத்தினார்கள். அதன்படி ஒரு கம்பெனி தன் சிஎஸ்ஆர் பணத்தை வெளி டிரஸ்ட் மூலம் செலவு செய்ய வேண்டுமானால், அந்த டிரஸ்டுக்கு 12ஏ, 80ஜி இரண்டும் இருக்க வேண்டும், அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம் இருக்க வேண்டும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டுப் பதிவு எண்ணும் வாங்கியிருக்க வேண்டும். அனுபவம் உங்களிடம் இருக்கிறது. 80ஜி இல்லாததால் சிஎஸ்ஆர்-1 போட முடியாது. அது இல்லையென்றால் அந்த ஓசூர் கம்பெனி மேனேஜருக்கு உங்கள் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் ஒரு ரூபாய் அனுப்ப வழியில்லை. இதை ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்தான். ஆனால் அந்த மேசைகளில் பதில் போடும் பழக்கம் குறைவு.

ஆகவே முதலில் ஆடிட்டரைப் பாருங்கள். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆனாலும் எல்லோர் வாயிலும் 12ஏ, 80ஜிதான், நானும் அப்படியே சொல்கிறேன். 80ஜி கேட்கும்போதே உங்கள் 12ஏ உயிரோடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு முறை வாங்கினால் ஆயுளுக்கும் என்றிருந்த காலம் போய்விட்டது. பழைய பதிவு வைத்திருந்தவர்கள் எல்லோரும் 2021க்குப் பிறகு மறுபதிவு செய்ய வேண்டியிருந்தது. அதைச் செய்யாமலே பழைய உத்தரவை லேமினேட் செய்து மாட்டி வைத்திருக்கும் டிரஸ்டுகள் நம் பக்கத்தில் நிறைய.

80ஜி உத்தரவு கைக்கு வர ஆறு மாதமும் ஆகலாம். நடுவில் வரித் துறையிலிருந்து கேள்வி வரும்: டிரஸ்ட் பத்திரம், மூன்று வருடக் கணக்கு, செய்த வேலைக்கு ஆதாரம். எல்லாம் மெயிலிலும் போர்ட்டலிலும்தான் வரும். பல சின்ன டிரஸ்டுகளின் மெயில் ஐடி டவுனில் இருக்கும் பிரௌசிங் சென்டர்காரர் உருவாக்கியது. பாஸ்வேர்டு அவரிடம், கொடுத்த போன் நம்பரும் அவருடையது. கேள்வி வந்து, கெடு முடிந்து, விண்ணப்பம் தள்ளுபடியான பிறகுதான் டிரஸ்டிக்கு விஷயமே தெரியும். உங்களுடையது எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அமெரிக்க யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். உங்கள் அக்கா மகன் சொல்வது பொய்யில்லை. 1914இல் கிளீவ்லாந்து நகரத்தில் ஃபிரெடரிக் காஃப் என்ற வங்கியாளர் தொடங்கி வைத்த ஏற்பாடு அது. ஊர்க்காரர்கள் கொடுக்கிற பணத்தையும் உயிலில் எழுதி வைத்துவிட்டுப் போகிற சொத்தையும் ஒரே இடத்தில் சேர்த்து முதலீடு செய்து, வருகிற வருமானத்தை அதே ஊரின் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுப்பார்கள். 'அதே ஊர்' என்பதில்தான் நமக்குச் சிக்கல். அவன் இருக்கிற கவுன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) ஃபவுண்டேஷன் பொதுவாக அந்தக் கவுன்டிக்காரர்களுக்குத்தான் கொடுக்கும். அப்படியே யாராவது மனசு வைத்தாலும் இந்தப் பக்கம் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் நிற்கிறது. அதில் பதிவு வேண்டுமானால் டிரஸ்டுக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், கடைசி மூன்று நிதியாண்டில் குறைந்தது 15 லட்சம் தன் முக்கிய வேலைக்குச் செலவழித்திருக்க வேண்டும். உங்கள் வருடச் செலவை மூன்றால் பெருக்கினால் 11 லட்சம்கூட வரவில்லை. எஃப்சிஆர்ஏ உள்ள பெரிய டிரஸ்ட் வாங்கி நமக்குக் கைமாற்றட்டுமே என்பீர்கள். 2020 திருத்தத்தில் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள்.

ஆனால் அவனிடம் ஒன்று கேளுங்கள்: பாஸ்போர்ட் இன்னும் இந்தியாவுடையதா? இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. கிரீன் கார்டு வைத்திருந்தாலும் குடியுரிமை மாறவில்லை என்றால் பரவாயில்லை. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டான் என்றால், ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளிக்காரருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தாலும், டிரஸ்ட் கணக்கில் அவன் பணம் ஒரு ரூபாய் ஏறக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். நாளைக்கே 80ஜி வந்துவிட்டாலும் அந்த 28 லட்சம் விண்ணப்பம் தேறாது. நிதி கொடுப்பவர் முதலில் திறப்பது உங்கள் வரவு செலவுக் கணக்கை. போன வருடம் 3.6 லட்சத்தைச் செலவு செய்த மூன்று பேர், இந்த வருடம் 28 லட்சத்தை எப்படிச் செலவு செய்வார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். உங்கள் நேர்மையில் அவருக்குச் சந்தேகம் இல்லை. பில் வாங்கவும், ரசீது எழுதவும், காலாண்டு அறிக்கை அனுப்பவும் ஆள் இருக்கிறார்களா என்பதே கவலை. என் அனுபவத்தில், போன வருடச் செலவைவிடக் கொஞ்சம் கூடக் கேட்டால் பேச்சு நடக்கும். இரண்டு மடங்கைத் தாண்டினால் கோப்பு அடியில் போய்விடும்.

கட்டடத்தை எடுத்துவிடுங்கள். உங்கள் நகலில் கட்டடம் வரப்போகும் இடம் ஒரு டிரஸ்டியின் சொந்த நிலம் என்று போட்டிருக்கிறது. தனியார் நிலத்தில் கட்டடத்துக்குப் பணம் கொடுக்க யாரும் துணிய மாட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, மாலையில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டால் உங்களுக்கு யார் மறுக்கப்போகிறார்கள்? நிஜமாகவே கட்டடம் தேவைப்பட்டால் அது பஞ்சாயத்தின் பேரில் வரட்டும். 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடுகிறது; பிடிஓ ஆபீஸில் விசாரியுங்கள். வேனும் வேண்டாம். டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ், எஃப்சி என்று இரண்டாம் வருடத்திலிருந்து அது உங்கள் தலையில்தான் விழும்.

அப்புறம் எழுத்து. உங்கள் விண்ணப்பம் இப்படித் தொடங்குகிறது: "பின்தங்கிய தருமபுரி மாவட்டத்தில் ஏழை எளிய மாணவச் செல்வங்களின் வாழ்வில் கல்வி ஒளி ஏற்றும் உன்னத நோக்கோடு எங்கள் அறக்கட்டளை அயராது பாடுபட்டு வருகிறது." இந்த வரியை அப்படியே எடுத்து எந்த மாவட்டத்து டிரஸ்டின் விண்ணப்பத்திலும் ஒட்டலாம். மேசையில் இருப்பவர் ஒரே நாளில் இதைப் பத்து முறை படித்திருப்பார். ஆனால் மூன்றாம் பக்கத்தில், பின்னிணைப்பு மாதிரி, சிறிய எழுத்தில் நீங்களே கொடுத்திருக்கும் விவரம் இருக்கிறதே, அதை முதல் பத்தியாக்கினால் இப்படி வரும்:

"பென்னாகரம் வட்டத்தில் நான்கு ஊர்களில் 110 பிள்ளைகள், 6 முதல் 10ஆம் வகுப்பு வரை, பள்ளி விட்டதும் எங்களிடம் வருகிறார்கள். 64 பேரின் அப்பா அம்மா இருவருமே பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். பிள்ளைகள் பாட்டி வீட்டில். 2022 ஜூனில் எங்களிடம் இருந்த 9ஆம் வகுப்புப் பிள்ளைகள் 21 பேர். அவர்களில் 19 பேர் 2024இல் பத்தாவது பொதுத்தேர்வு எழுதினார்கள். எழுதாத இருவரில் ஒரு பையன் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டான். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது, தடுக்க முயன்றோம், முடியவில்லை."

கடைசி வாக்கியத்தை வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். 21க்கு 21 என்று எழுதுகிறவர்களை யாரும் நம்புவதில்லை. இரண்டு பேர் ஏன் போனார்கள் என்று சொல்லத் தெரிந்தவருக்கு மற்ற 19 பேரையும் பேரோடு தெரியும் என்று படிப்பவருக்குப் புரியும். அந்தப் பெண்ணின் பேரையும் ஊரையும் மட்டும் எழுதக் கூடாது, போட்டோவும் கூடாது.

பின்தங்கிய மாவட்டம் என்று சொல்லத்தான் வேண்டுமென்றால் எண்ணாகச் சொல்லுங்கள். 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம், தமிழ்நாட்டிலேயே கடைசி. மாநிலச் சராசரி 80.1. பழைய கணக்குதான், ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள். உங்கள் நகலில் மத்திய அரசின் 'முன்னேற விழையும் மாவட்டம்' என்று ஒரு வரி இருக்கிறது, அதை அடித்துவிடுங்கள். அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும்தான் உண்டு. இது சிஎஸ்ஆர் ஆட்களுக்கு மனப்பாடம். ஒரு தகவல் தப்பு என்று தெரிந்தால் மற்றதையும் சந்தேகப்படுவார்கள்.

இன்னொரு கேள்வி நிச்சயம் வரும்: அரசே 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' கொண்டுவந்ததே, நீங்கள் எதற்கு? நீங்கள் பார்க்கிறது எட்டாம் வகுப்பு தாண்டும்போது பெங்களூருக்குக் கிளம்பிவிடும் பிள்ளைகளை. தீபாவளிக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் ஊருக்கு வரும் அப்பா அம்மாவோடு திரும்பிப் போய்விடுகிற பிள்ளையை மறுவாரமே போன் போட்டுக் கூப்பிட்டு வரவழைக்கிறீர்கள். உங்கள் விண்ணப்பத்தில் ஒரே வரியில் தாண்டிப் போன இந்த வேலைதான் மற்றவர்களிடம் இல்லாதது. இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

பட்ஜெட்டை நான் போட்டால் இப்படிப் போடுவேன். நான்கு ஆசிரியைகளுக்கு மாதம் 5,000 மதிப்பூதியம், வருடத்துக்கு 2,40,000. இப்போது 3,000 கொடுக்கிறீர்கள், அதனால்தான் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். நான்கு மையத்தையும் சுற்றிப் பார்த்து, கணக்கெழுதி, வராத பிள்ளை வீட்டுக்குப் போக ஓர் ஒருங்கிணைப்பாளர், மாதம் 12,000 வீதம் 1,44,000. அவருக்குப் பெட்ரோல் 18,000. சுண்டல், முளைகட்டிய பயறு: 110 பிள்ளைக்கு தலா 6 ரூபாய், 220 நாளுக்கு 1,45,200. புத்தகம், நோட்டு தலைக்கு 500 வீதம் 55,000. தணிக்கை, கணக்கு 25,000. மொத்தம் 6,27,200. இதில் 1,27,200 நாங்கள் போடுகிறோம், 5 லட்சம் தாருங்கள் என்று கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு வருடம் 5,700 ரூபாய் என்று கணக்கு வரும். அந்த எண்ணைத் தனி வரியில் எழுதுங்கள். போர்டு மீட்டிங்கில் பேசப்படப் போவது அதுதான்.

ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தைக் கேட்கக் கூசாதீர்கள். "சிஎஸ்ஆரில் நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான், சம்பளம் கேட்டால் தர மாட்டார்கள்" என்று ஒரு பேச்சு உலவுகிறது. அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்துகிற செலவுக்கான உச்சவரம்பு. திட்டத்தை நேரடியாக நடத்துவதற்கு ஆகும் செலவு அதில் சேராது என்று விதியிலேயே இருக்கிறது. சில கம்பெனிகள் தாங்களாகவே இதைவிடக் கெடுபிடி வைத்திருப்பார்கள், அது வேறு.

நீங்கள் போடும் 1,27,200 எங்கிருந்து வரும்? ஊரிலிருந்து வரட்டும். மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு நோட்டில் எழுதி வசூலிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கவே இருக்கிறது. படிப்பு மையத்துக்கும் வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் போட்டுப் பாருங்கள், ரசீதோடு. தொகை சின்னதாக இருந்தாலும் அந்த வசூல் நோட்டு ஒரு ஆவணம். ரசீதில் பேரும் விலாசமும் இருக்கட்டும். ஆள் தெரியாத நன்கொடைக்கு 30 சதவீத வரி என்று ஒரு தொல்லை உண்டு.

யாரிடம் கேட்பது? ஓசூர் என்றாலே டைட்டன், அசோக் லேலண்ட், டிவிஎஸ் என்றுதான் எல்லோரும் ஓடுகிறார்கள். பெரிய கம்பெனிகளுக்குக் கூட்டாளிகள் ஏற்கெனவே இருப்பார்கள், அல்லது சொந்த டிரஸ்டே இருக்கும். டிவிஎஸ்ஸுக்கு ஸ்ரீனிவாசன் சேவை அறக்கட்டளை இருப்பது மாதிரி. அங்கே புதிதாக நுழைவது கடினம். ஆனால் முந்தைய நிதியாண்டில் நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட எந்தக் கம்பெனிக்கும் சிஎஸ்ஆர் கடமை உண்டு. மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம், அதாவது 5 கோடி லாபத்துக்கு 10 லட்சம். செய்ய வேண்டிய தொகை 50 லட்சத்தைத் தாண்டாதவரை தனிக் கமிட்டிகூடத் தேவையில்லை, இயக்குநர்களே முடிவெடுக்கலாம். கிருஷ்ணகிரி மாங்கூழ், பர்கூர் கிரானைட், ஓசூரில் பெரிய ஆலைகளுக்குப் பாகம் செய்து தருகிற யூனிட் என்று நம் பக்கமே தேடினால் இந்த அளவில் கம்பெனிகள் அகப்படும். உங்கள் 5 லட்சம் அவர்களுக்குப் பொருத்தமான தொகை. முதலாளியை நேரில் பார்க்கவும் முடியும். மத்திய அரசின் சிஎஸ்ஆர் இணையதளத்தில் எந்தக் கம்பெனி எதற்கு எவ்வளவு செலவிட்டது என்று போட்டிருக்கிறார்கள். கல்விக்குக் கொடுத்தவர்களை மட்டும் பொறுக்கியெடுங்கள்.

என் மனசில் இருக்கும் இன்னொரு யோசனையையும் சொல்கிறேன். அந்த 64 பிள்ளைகளின் அப்பா அம்மா பெங்களூரில் யாருடைய கட்டடத்தில் வேலை செய்கிறார்கள்? மேஸ்திரிகளிடம் விசாரித்தால் நாலைந்து பில்டர்கள் பேர் திரும்பத் திரும்ப வரும். உள்ளூருக்கு முன்னுரிமை என்று சட்டம் சொன்னாலும் அது கட்டாயமில்லை. "உங்கள் சைட்டில் கல் சுமக்கிறவரின் மகள் எங்கள் மையத்தில் படிக்கிறாள்" என்று தொடங்கும் கடிதத்தை ஒரு பில்டர் முழுக்கப் படிப்பார் என்றே நினைக்கிறேன்.

நேரம் முக்கியம். கம்பெனிகள் வருடத் திட்டத்தை நிதியாண்டின் தொடக்கத்தில் முடிவு செய்கின்றன. அதனால் டிசம்பர், ஜனவரியில் உங்கள் காகிதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் செலவாகாத பணம் மிஞ்சி, திடீரென்று போன் வருவதும் உண்டு. அப்போது ஒரே நாளில் எல்லா நகலையும் அனுப்ப முடிந்தவருக்குத்தான் கிடைக்கும்.

அப்புறம் நேரில் பார்க்க வருவார்கள். பந்தல், சால்வை, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாட்டு எதுவும் வேண்டாம். வருகிறவர் வருகைப் பதிவேட்டைத்தான் கேட்பார். மூன்று மாதத்துக்கும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லாக் கட்டத்திலும் 'வ' என்றிருந்தால் ஒரே ராத்திரியில் எழுதியது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அடித்துத் திருத்தியது, எண்ணெய்க் கறை, அறுவடை வாரத்தில் பாதிப் பேர் வராதது எல்லாம் இருக்கிற பதிவேடுதான் நம்பத் தகுந்தது. வவுச்சர்களை மாதவாரியாகக் கோர்த்து வையுங்கள். 5,000க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். ஆசிரியைகளின் மதிப்பூதியத்தை வங்கிக் கணக்கில் போடுவதே உத்தமம்.

சேலத்துக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிடைத்த நிதியில் சதவீதம் கொடுக்க எந்தப் பட்ஜெட்டிலும் தலைப்பு கிடையாது. வேறு தலைப்பில் காட்டினால் அது பொய்க் கணக்கு. இதைவிட மோசமான ஆட்களும் வருவார்கள்: கோடிக்கணக்கில் சிஎஸ்ஆர் வாங்கித் தருகிறேன், முதலில் பிராசசிங் ஃபீஸ் கட்டுங்கள் என்பார்கள், அல்லது வந்ததில் பாதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுங்கள் என்பார்கள். முதல் வகையில் உங்கள் பணம் போகும். இரண்டாவதில் டிரஸ்டின் பதிவும் போய், டிரஸ்டிகள் மேல் வழக்கும் வரும். உதவி வேண்டுமானால் எழுதித் தருகிறவருக்குக் கூலியாக ஒரு தொகை பேசி, நிதி வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு அதுகூடத் தேவையில்லை. தமிழில் நீங்களே எழுதுங்கள், நான்கு பக்கத்துக்குள். இங்கிலீஷில் மாற்றித் தர உங்களிடம் படித்துக் காலேஜ் போன பிள்ளை யாராவது இருப்பார்கள்.

80ஜிக்கு விண்ணப்பித்ததும் ஒப்புகைச் சீட்டின் நகலை அனுப்புங்கள். உத்தரவு வந்த பிறகு சிஎஸ்ஆர்-1 போட ஒரு டிரஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், ஒரு சிஏவோ கம்பெனி செக்ரட்டரியோ சான்றளிக்கவும் வேண்டும். அதற்கு யாரைப் பிடிப்பது என்று உங்கள் ஆடிட்டரிடம் இப்போதே பேசி வையுங்கள்.